கழுத்தில் தொங்கிய பூட்ஸ்

வெர்னாவின் பூட்ஸ் இரண்டும் ஆரினின் கழுத்தில் தொங்கின. கயிறுகளைச் சேர்த்து இரட்டை முடிச்சுப் போட்டு மாலை மாதிரி மாட்டிக்கொண்டு, விழுந்துகிடந்த ஒரு பைன் மரத்தில் சாய்ந்து, சூரியகாந்தி விதையை மென்று தொலியைத் துப்பிக்கொண்டிருந்தான். வெர்னா கம்பளிக் காலுறையோடு அவன் எதிரே நின்றாள். உட்கார்ந்து பார்த்தாள். மறுபடி எழுந்தாள்.

"உக்காரு வெர்னா."

"உக்காந்தாச்சு, எழுந்தாச்சு. பூட்ஸக் குடு."

"வெயில் அந்தப் பாறைய எட்டட்டும்."

"எந்தப் பாறை? கொஞ்சம் முன்னாடி வேற ஒண்ணக் காமிச்ச."

"அது சின்னது. ஈரல்ல பட்டதுக்கு இந்தப் பெரிய பாறைதான் கணக்கு."

"என்னடா, போகப் போகப் பாறை வளருது?"

ஆரின் ஒரு தொலியைத் துப்பினான். அவன் வெர்னாவின் புருஷனுடைய தம்பி. அவளைவிட மூன்று வயது சின்னவன், அறுபத்தாறு. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். நடுவில் உட்கார்ந்து சிரிக்க டெல்மர் இருந்தான். இப்போது இல்லை.

கீழே, சரிவின் அடர்ந்த மரங்களுக்குள், விடிந்த கொஞ்ச நேரத்தில் அவள் எய்த அம்பைத் தாங்கிக்கொண்டு ஒரு கொம்பன் எல்க், குதிரை உயர ஆண் மான், போயிருந்தான். எங்கோ படுத்திருக்கலாம். நடந்துகொண்டே இருக்கலாம். அம்பு உடம்பைத் துளைத்து அந்தப் பக்கம் போய் ஃபெர்ன் செடிகளுக்குள் கிடந்தது. அதை எடுத்து இருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். இது காப்பிக் கறை மாதிரி இருண்டிருந்தது. ஈரல். ஈரலில் பட்ட எல்க்கை விட்டுவைத்தால் பக்கத்திலேயே படுத்து உயிரை விடும். அவசரப்பட்டுத் துரத்தினால் எழுந்து ஓடும். ஓடினால் சரிவின் முடிவில் இருக்கும் பிளவுக்குள் இறங்கிவிடும். அதற்குள் கோவேறு கழுதைகூட இறங்காது. இரண்டு கிழங்கள் இறங்கினால் ஏற முடியாது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெயில். சாமன் ஆற்றின் மேலே இந்த மலைகளில் செப்டம்பர் காலை உறைபனியோடு விடிந்தாலும் மத்தியானம் சட்டையைக் கழற்ற வைத்துவிடும். தோல் போர்த்திய அவ்வளவு பெரிய உடம்பு, தொடை எலும்பை ஒட்டி உள்ளேயிருந்து கெட்டுக்கொண்டு வரும். வெளியே பார்த்தால் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுபோய் அறுத்தால்தான் நாற்றம் வரும். கரடிக்கு மட்டும் அந்த நாற்றம் முதலிலேயே தெரிந்துவிடும்.

வெர்னாவுக்கு இந்தக் கறி வேண்டும். கராஜில் இருந்த பெரிய ஃப்ரீசரின் அடித்தகடு ஜூன் மாதமே தெரிந்துவிட்டது. போன இலையுதிர்காலத்தில் டெல்மருக்கு இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அவர்கள் மலைக்கே வரவில்லை. நாற்பது வருஷமாக எல்க் கறியைத் தின்ற வாய்க்குக் கடை மாட்டுக்கறி நனைந்த அட்டை மாதிரி இருந்தது. சாவு வீட்டுக்கு என்று சர்ச் பெண்கள் கொண்டுவந்து குவித்த மாட்டுக்கறித் தட்டுகளை அவள் யாருக்கும் தெரியாமல் நாய்க்கு வைத்தாள். தோளும் இறங்கிவிட்டது. இந்தக் கோடையில் வில்லின் விறைப்பைக் குறைத்துக் குறைத்து, இதற்கும் கீழே போனால் வேட்டைச் சட்டம் விடாது என்ற இடத்தில் நிறுத்தியிருந்தாள். அடுத்த வருஷம் அதையும் இழுக்க முடியாது என்று தினமும் சட்டை மாட்டும்போது தோள் சொன்னது. இன்று கிடைத்தால் உண்டு.

"ஒரு ஈ பறக்குது பாரு," என்றாள்.

"பாத்தேன்."

"ஈ பறந்தா சூடு ஏறிடுச்சுன்னு அர்த்தம்."

"ஒரே ஒரு ஈ வெர்னா. வழி தப்பி வந்திருக்கும்."

காலையில் நடந்ததை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆரின் இளமையெல்லாம் மர அறுவை மில்லில் ஓட்டியவன், காது போய்விட்டது; பக்கத்தில் பேசினால் கேட்கும், தூரத்துச் சத்தம் ஏறாது. ஆனால் நாக்கின் மேல் வைத்து ஊதும் அந்தச் சின்ன ரப்பர் தகட்டைக் கொண்டு பெண் எல்க் மாதிரி கூப்பிட இந்தப் பக்கத்தில் அவனைப் போல் ஆள் கிடையாது. முன்னே வில்லோடு வெர்னா, பின்னே மரத்துக்கு அப்பால் ஆரின். அவன் கூப்பிட்டான். கொம்பன் பதிலுக்கு ஒரு நீளமான கூவல் விட்டான், சீழ்க்கை மாதிரி ஆரம்பித்துக் கிணற்றுக்குள் உறுமுகிற மாதிரி முடிந்தது. ஆரினுக்கு அது கேட்கவில்லை. கொம்பன் கூவி முடிப்பதற்குள் அவன் குறுக்கே இன்னொன்று ஊதினான். கொம்பன் மறுபடி கூவினான், ஆரின் மறுபடி குறுக்கே பேசினான். இப்படிப் பேசவே விடாத ஒரு பெண்ணைக் கொம்பன் அதுவரை பார்த்ததில்லை போலும். கோபத்தில் வழியிலிருந்த இளமரத்தைக் கொம்பால் உரித்துக்கொண்டு நேராக வந்தான். வெர்னா இழுத்தாள். விடும் நேரத்தில் அவன் அரை அடி முன்னே வைத்தான். அரை அடிதான்.

"பின்னாடி பட்டுடுச்சா?" என்று ஆரின் ஓடி வந்து கேட்டான்.

"கொஞ்சம்."

"சரி. கழட்டு பூட்ஸ."

இது அவர்கள் வீட்டு வழக்கம். டெல்மர் பதினேழு வயதில் ஒரு கொம்பனை எய்துவிட்டுப் பொறுக்க முடியாமல் பின்னாலேயே ஓடி, அதை அடுத்த மலைக்கே துரத்திவிட்டு, வெறுங்கையோடு திரும்பினான். அவன் அப்பா திட்டவில்லை. அடுத்த வருஷம் அவன் எய்ததும், "காலக் காட்டு" என்று பூட்ஸை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எய்தவனுக்குப் பொறுமை இருக்காது, அவனை நம்பக்கூடாது என்பது அவர் கட்சி. அதிலிருந்து அந்த வீட்டில் யார் எய்தாலும் கூட வந்தவன் கழுத்துக்குப் பூட்ஸ் போய்விடும். எப்போது எழுவது என்று அவன்தான் சொல்வான். ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கழுத்தில் பூட்ஸும் வாயில் சூரியகாந்தி விதையுமாக டெல்மர் உட்கார்ந்தால் அவனை அசைக்க முடியாது. வெர்னா கத்துவாள், கெஞ்சுவாள், ஒரு தடவை பைன் காயை எடுத்து அடித்தும் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "இரு, இரு" என்பான். அவன் சொன்ன நேரத்தில் போனால் எல்க் அங்கே கிடக்கும். ஒருமுறையும் தப்பியதில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது என்றான். நெஞ்செரிச்சல்தான், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்றான். வண்டியை எடுக்கட்டுமா என்று அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "இரு, இரு" என்றான். அவள் இருந்தாள். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு, தூங்குகிறான், தூங்கட்டும் என்று இருந்தாள். அடுப்பில் கறி வறண்டுவிடுமே என்று தோன்றிய பிறகுதான் எழுப்பப் போனாள்.

அதிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சர்ச்சில் பாட்டு முடிவதற்குள் வெளியே வந்துவிடுகிறாள். பல் வைத்தியரிடம் முறை வருவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டாள், பல் இன்னும் வலிக்கிறது.

வெயில் பைன் மரங்களின் இடுப்புக்கு வந்தது. மேலே ஒரு நீலப் பறவை யாரையோ காட்டிக்கொடுக்கிற மாதிரிக் கத்திக்கொண்டே பள்ளத்தின் பக்கம் பறந்தது. வெர்னாவின் பார்வை அதோடு போயிற்று.

"கீழ எதையோ பாத்துட்டுதான் கத்துது."

"அது எதப் பாத்தாலும் கத்தும். உன்ன மாதிரி."

"கரடி வந்துட்டா என்னடா பண்ணுவ? இந்தப் பூட்ஸக் காட்டி வெரட்டுவியா?"

"நாத்தத்துலயே ஓடிடும்." அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, "வெர்னா, இப்பப் போயி அவன எழுப்பி விட்டா பிளவுக்குள்ள எறங்கிடுவான். உனக்கே தெரியும்," என்றான்.

"தெரியும்."

"பின்ன?"

"பின்ன ஒண்ணுமில்ல. உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு இது ஒண்ணுதான் தெரியும். இரு, இரு, இரு. வேற வார்த்தையே கெடையாது."

ஆரின் மெல்வதை நிறுத்தினான். அவள் எதைச் சொல்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவனும் போனில், "தூங்கறான்னா எழுப்பாத" என்று சொன்னவன். கையிலிருந்த விதைப்பையை அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தொப்பியைக் கண்ணுக்கு இறக்கினான்.

கொஞ்ச நேரத்தில் அவன் வாய் திறந்துகொண்டது.

வெர்னா அந்தப் பக்கம் நாலடி, இந்தப் பக்கம் நாலடி நடந்தாள். வில்லை எடுத்தாள், வைத்தாள். தண்ணீர் குடித்தாள். ஒரு ஈ இரண்டாகி, அம்பு கிடந்த இடத்தில் ஒரு கூட்டமாகியிருந்தது. திரும்பி ஆரினைப் பார்த்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கழுத்தில் அவள் பூட்ஸோடு, அசையாமல் கிடந்தான்.

அசையவே இல்லை.

அவள் வில்லைப் போட்டுவிட்டு அவனருகே மண்டியிட்டாள். வலது கையை அவன் மூக்கின் கீழே நீட்டினாள். காற்று வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை. முகத்தைக் குனிந்து கொண்டுபோனாள். உப்பும் சூரியகாந்தி விதையும் மணக்கும் சூடான மூச்சு கன்னத்தில் பட்டது. உடனேயே அவன் தொண்டைக்குள் ஒரு குறட்டை கிளம்பியது.

"சனியனே," என்றாள் மெதுவாக.

முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். மில்காரன் போட்ட முடிச்சு. சுமையேற்றிய லாரிக்குப் போடுவது மாதிரி போட்டிருந்தான். கத்தியால் அறுத்தால் கயிறு போய்விடும், அவனும் முழித்துக்கொள்வான். அவள் எழுந்து வில்லை எடுத்தாள். ஒரு அம்பை நாணில் பூட்டினாள். காலுறையோடு நடந்தாள்.

முதலில் குளிர்தான் தெரிந்தது. நிழலில் பனி உருகி ஊசியிலைகள் நனைந்திருந்தன. கம்பளி தண்ணீரை உறிஞ்சிக் கனத்தது. பிறகு ஒரு முள். பிறகு ஒரு கூரான கல். பத்தடி போனதும் பாதங்கள் தாமே பார்க்கக் கற்றுக்கொண்டன. சுள்ளியின் மேல் கால் படும்போதே தெரிந்தது, பாரம் இறங்குவதற்கு முன் எடுத்துவிட முடிந்தது. பூட்ஸாக இருந்திருந்தால் உடைந்த பிறகுதான் தெரியும்.

ரத்தம் ஒரு இலையில் ஒரு துளி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு ஒரு மரப்பட்டையில் தோள் உயரத்தில் தேய்த்த தடம். அவன் ஓடவில்லை, நடந்திருந்தான். காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறி அவள் முகத்தில் அடித்தது. நல்லது. ஒவ்வொரு மரத்துக்கும் நின்றாள். நிற்பது சிரமமாக இருந்தது. தோளுக்குள் ஏதோ துடித்துக்கொண்டே இருந்தது, போ, போ என்று. இரண்டு முறை வேகமாக நடக்கப் பார்த்தாள், கால் வலி அவளை மெதுவாக்கியது.

மரங்கள் முடியும் இடத்தில் பிளவின் உதடு தெரிந்தது. அங்கே ஆல்டர் புதர்களுக்கு மேலே ஒரு காய்ந்த கிளை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு காது அசைந்தது.

வெர்னா இருந்த இடத்திலேயே உறைந்தாள்.

படுத்திருந்தான். முதுகை அவளுக்குக் காட்டிக்கொண்டு, பிளவைப் பார்த்தபடி, தலையை நிமிர்த்தி வைத்திருந்தான். கழுத்து மயிர் கறுத்து ஈரமாக இருந்தது. விலா ஏறி இறங்குவதை அவளால் பார்க்க முடிந்தது. இன்னும் எட்டடி கீழே போனால் அவ்வளவுதான், அவன் உருண்டால்கூடப் போதும்.

அவனுக்கும் அவளுக்கும் இடையே ஆல்டர் கிளைகள் வலை மாதிரிப் பின்னிக் கிடந்தன. விரல் கனமுள்ள ஒரு குச்சி போதும், அம்பு எங்கோ போகும். வலது பக்கம் நகர்ந்தால் கல் சரியும். இடது பக்கம் நகர்ந்தால் அவள் வாசனையை அவன் மூக்குக்குக் காற்றே கொண்டுபோய்க் கொடுக்கும். திரும்பிப் போகலாம். திரும்பும்போது ஏதாவது ஒன்று உடைந்தால்?

செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. மெதுவாக, ஒரு முழங்கால், பிறகு இன்னொரு முழங்கால் என்று இறங்கி உட்கார்ந்தாள். வில்லை மடியில் கிடத்தினாள்.

ஒரு எறும்பு மணிக்கட்டில் ஏறியது. விட்டாள். இடது கால் மரத்தது. விட்டாள். அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சும் அதோடு சேர்ந்து போவதை உணர்ந்து மாற்றப் பார்த்தாள், முடியவில்லை. ஒருமுறை அவன் முன்னங்காலை மடித்து ஊன்றினான். எழப்போகிறான்.

அப்போது பின்னால், மேலேயிருந்து, ஆரின் கூப்பிட்டான்.

முழித்துப் பார்த்திருக்கிறான். அவளைக் காணோம். "வெர்னா" என்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவன் நாக்கில் தகட்டை வைத்துப் பெண் எல்க் குரலில் ஊதினான், கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஒன்று மற்றதைத் தேடுகிற மாதிரி. தன் சத்தமே தனக்குச் சரியாகக் கேட்காததால் எப்போதும் போல ஒரு பங்கு கூடுதலாகவே ஊதினான். சரிவெல்லாம் எதிரொலித்தது. நிறுத்தினான். மறுபடி ஊதினான். எங்கே இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று அது ஓயாமல் கேட்டது.

கொம்பனின் காதுகள் இரண்டும் பின்னால் திரும்பின. ஊன்றிய காலை மறுபடி மடித்துக்கொண்டான். சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்ப முயன்று, பாதியில் விட்டு, தாடையைத் தரையில் வைத்தான். ஆரின் ஊதிக்கொண்டே இருந்தான். விலா ஒருமுறை ஏறி இறங்கியது. அடுத்தது வர நேரமாயிற்று. அதற்கு அடுத்தது வரவில்லை. தலை சாய்ந்தபோது கொம்பின் ஒரு முனை மண்ணில் குத்தி நின்றது.

வெர்னா இன்னும் உட்கார்ந்திருந்தாள். வேண்டிய அளவுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு சுற்றிப் போய், அம்பின் நுனியால் அவன் கண்ணைத் தொட்டாள். இமைக்கவில்லை. கழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.

அவள் ஒரு சீழ்க்கை அடித்தாள். ஆரினுக்குக் கேட்காது என்று நினைவு வந்தது. தொப்பியைக் கழற்றி வெட்டவெளியில் நின்று ஆட்டினாள்.

அவன் சுள்ளிகளையெல்லாம் உடைத்துக்கொண்டு, கழுத்தில் பூட்ஸ் ஆடி நெஞ்சில் மோத, முகம் சிவந்து இறங்கி வந்தான். எல்க்கைப் பார்ப்பதற்கு முன் அவள் கால்களைப் பார்த்தான். காலுறை இரண்டும் கிழிந்து பெருவிரல் ஒன்று ரத்தத்தோடு எட்டிப்பார்த்தது.

"உனக்குப் புத்தி இருக்கா? கரடி இருக்கற காட்டுல, செருப்புக்கூட இல்லாம!"

"பூட்ஸ் உன் கழுத்துல இருந்துச்சே."

"எழுப்பியிருக்கலாமில்ல?"

"எழுப்பியிருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப?"

அவன் கொம்பனைப் பார்த்தான். பிளவின் உதட்டைப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தான்.

"எப்ப வந்த நீ இங்க? உயிரோட இருந்தானா?"

"இருந்தான்."

"என்ன பண்ண?"

"உக்காந்திருந்தேன்."

"நீயா?"

"பேசாம முடிச்ச அவுருடா. வெயில் ஏறுது."

பிறகு பேச நேரமில்லை. தோலை உரித்துச் சூட்டை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. வெர்னா கத்தியை ஓட்டினாள், ஆரின் காலைத் தூக்கிப் பிடித்தான், இடுப்பு பிடித்துக்கொண்டபோது மாற்றிக்கொண்டார்கள். பின்னந்தொடை ஒன்றைக் கழற்றியதும் அவள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இடுப்புச் சந்தில் எலும்பை ஒட்டிய சதையில் மூக்கை வைத்தாள். அதில்தான் தெரியும். ஆரின் கத்தியைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தான்.

"என்ன?"

அவள் இன்னொரு முறை முகர்ந்தாள். ரத்தம், புல், இரும்பு. வேறொன்றும் இல்லை.

"சுத்தமா இருக்கு."

"நானும் பாக்கறேன்."

"உனக்கு மூக்காவது வேல செய்யுதா?"

"காதுதான் போச்சு."

அவனும் குனிந்து முகர்ந்து, நிமிர்ந்து, அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அவன் கண் ஈரமாக இருந்தது. வியர்வை என்று சொல்லிக்கொள்ளட்டும் என்று அவள் வேறு பக்கம் திரும்பினாள்.

நாலு கால்களையும் துணிப்பைகளில் போட்டு, ஓடையை ஒட்டிய நிழலில், தண்ணீரின் குளிர் மேலேறும் இடத்தில் தொங்கவிட்டார்கள். முதுகுக் கறியையும் நெஞ்சையும் வேறு பையில் கட்டினார்கள். பிஸ்கட் என்ற அவர்களுடைய கோவேறு கழுதை கீழே பாதை தொடங்கும் இடத்தில் கட்டிக் கிடந்தது. ஓடைவரை அதை ஏற்றிக் கொண்டுவர முடியும். கொண்டுவருவதற்கு முன், ஆரின் ஒரு கல்லில் உட்கார்ந்து மரத்தில் சாய்ந்தான்.

"ரெண்டு நிமிஷம் கண்ண மூடறேன். எழுப்பாத."

தொப்பி இறங்கியது. கைகள் காய்ந்த ரத்தத்தோடு மடியில் கிடந்தன.

வெர்னா எதிரே உட்கார்ந்து பூட்ஸை மாட்டினாள். வீங்கிய கால் உள்ளே போக அடம்பிடித்தது. கயிற்றை இறுக்கிக்கொண்டே அவன் சட்டைப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பொத்தான் ஏறி இறங்கியது. சட்டைப் பையிலிருந்த விதைப்பையை உருவி ஒரு கைப்பிடி வாயில் போட்டுக்கொண்டாள். பொத்தானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன பாக்கற?" என்றான் கண்ணைத் திறக்காமலேயே.

"மூச்சு விடறியான்னு."

"விடறேன்."

"விடு."

ஒரு தொலியைத் துப்பினாள். இன்னொன்றைத் துப்பினாள். ஓடைக்கு மேலே துணிப்பைகள் காற்றில் லேசாகச் சுற்றின. வெயில், ஆரின் சொன்ன அந்தப் பெரிய பாறையின் அடிவாரத்தை இப்போதுதான் தொட்டிருந்தது.

பூட்ஸ் நுனியால் அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போதும், எழுந்திரு."

"ரெண்டு நிமிஷம்னேனே வெர்னா."

"ஆயிடுச்சு. வா, பிஸ்கட்டக் கூட்டிட்டு வரலாம்."